நாகம் வார்க்கும் அருஞ்சுனை

டார்ச் செல்லின் வயிற்றைக் குறட்டால் பிடித்து ஒரு நெரி நெரித்தால் மேல்தாள் கிழிந்துவிடும். அடித்தகட்டை நெம்பி, உள்ளே இருக்கிற கரித்தூளைத் தட்டி, நடுக்குச்சியை உருவிப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் வெள்ளைக் கூட்டை மட்டும் அருஞ்சுனை தகர டப்பாவுக்குள் போடுகிறார். அது விழுகிற சத்தத்திலேயே கூடு கனமானதா, அரித்துப் போனதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். அரித்துப் போனதாக இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொள்வார். "கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிட்டுத்தான் குடுத்திருக்கான். யாரு வீட்டுச் செல்லோ, மகா கருமி" என்று சொல்லிக்கொண்டே அடுத்த செல்லை எடுப்பார்.

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில், சாயப்பட்டறைக்கு எதிரே தகரக் கூரை போட்டிருக்கும் பட்டறை அவருடையது. இரண்டு முழங்கை வரைக்கும் கரி அப்பியிருக்கும். நெற்றியில் காலையில் பூசிய விபூதி மட்டும் கலையாது. வேர்வையைத் துடைக்கும்போதுகூட நெற்றியை விட்டுவிட்டுக் கன்னத்தையும் கழுத்தையும்தான் துடைப்பார். விபூதியை ஒட்டி வேர்வை கண்ணுக்குள் இறங்கினால் கண்ணைச் சிமிட்டிச் சமாளித்துக்கொள்வார்.

யாரைக் கண்டாலும் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் அவர் கேட்பது ஒன்றுதான். "செத்த செல்லு இருக்கா?" டூரிங் கொட்டகையில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர், வத்தல் மண்டிக் காவல்காரர், இருட்டில் காட்டுக்குப் போய் மடை திறக்கிற சம்சாரிகள், இவர்கள் எல்லாரும் அவருக்கு வேண்டியவர்கள். டார்ச் லைட் மங்கலாக எரிகிற ஆளைக் கண்டால் அவர் முகம் பிரகாசமாகிவிடும். அவர் சம்சாரம் சங்கரம்மாள் இதைச் சொல்லாத ஆள் இல்லை.

"மகளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போன வீட்டுல, பையன் என்ன தொழில் பாக்கான், வீடு சொந்தமா வாடகையான்னு ஒரு வார்த்தை கேக்கலை இவுக. மாடத்துல இருந்த டார்ச் லைட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாக. சம்பந்திக்கு என்ன தோணுச்சோ, எந்திரிச்சுப் போயி அந்த லைட்டையே எடுத்துக் கையில குடுத்துட்டாரு."

"செல்லை மட்டும் எடுத்துக்கிட்டு லைட்டைத் திருப்பிக் குடுத்துட்டம்ல" என்பார் அருஞ்சுனை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்காது.

செல்லின் அந்த வெள்ளைக் கூடு நாகம். துத்தநாகம் என்று புத்தகத்தில் போடுகிறதைப் பட்டறைக்காரர்கள் நாகம் என்றே சுருக்கிச் சொல்வார்கள். அருஞ்சுனை அதை உருக்கி, விரல் நீளத்துக்குக் கட்டியாக வார்த்து, பித்தளைத் திருகாணித் தலையில் பொருத்திக் கொடுக்கிறார். அது போய்ச் சேருகிற இடம் படகு எஞ்சின். கடலோ அவர் பட்டறையிலிருந்து பஸ்ஸில் அரைநாள் பயணம். இந்த ஊரில் கண்மாய் நிறைகிற வருஷத்தை விட வறண்டு கிடக்கிற வருஷம் அதிகம். இங்கே உட்கார்ந்துகொண்டு ஒருவர் படகுக்கு வேலை பார்க்கிறார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

அவர் படித்த தொழில் கிணற்று எஞ்சின் வேலைதான். காரியாபட்டி, மல்லாங்கிணறு பக்கமெல்லாம் சம்சாரிகளின் ஆயில் எஞ்சின் நின்றுபோனால் அவரைத்தான் தேடி வருவார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் வத்தல் மண்டி சங்கரபாண்டியன் கடற்கரையில் இருக்கிற மூக்கையூரில் ஒரு மிஷின் படகு வாங்கிவிட்டார். மிளகாய்க்காரருக்குப் படகு எதற்கு என்று பஜார் முழுக்கப் பேசிச் சிரித்தது. "வத்தலும் காயணும், மீனும் காயணும். ரெண்டும் வெயில் யாவாரந்தான்" என்று சங்கரபாண்டியன் பதில் சொன்னார். அடுத்த ஆடிக்காற்றுக்குப் படகு கரையேறியதும் எஞ்சினைக் கழற்றி லாரியில் போட்டு, கருவாட்டு வாடையோடு கொண்டுவந்து அருஞ்சுனை பட்டறையில் இறக்கினார். தன் ஊர் மேஸ்திரி கைபட்டால்தான் தனக்குத் திருப்தி என்றார்.

அருஞ்சுனை அதைப் பிரித்தார். எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கடல் தண்ணீர் உள்ளே சுற்றிவருகிற வழியில் ஒரு பித்தளைத் திருகாணி இருந்தது. கழற்றினால், அதன் நுனியில் எலி கொறித்த கிழங்கு மாதிரி ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினோடு கூட வந்த கடற்கரை ஃபிட்டர்தான் விவரம் சொன்னார். கடல் தண்ணீர் இரும்பைத் தின்னும். பக்கத்தில் நாகம் இருந்தால் முதலில் நாகத்தைத் தின்னும். நாகம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் இரும்பைத் தொடாது. தீர்ந்துபோனால் மறுநாளே இரும்பில் வாய் வைத்துவிடும். அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுக் கட்டி போட வேண்டும்.

அருஞ்சுனை அன்றைக்கு அந்தக் கொறித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகச் சங்கரம்மாள் சொல்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "இரு, இது யாருக்காகவோ தேஞ்சிருக்கு, பாத்துட்டு வாரேன்" என்றாராம்.

அதிலிருந்து அவரே வார்க்க ஆரம்பித்தார். வார்க்கிற அன்று விடியுமுன்னே குளித்துவிடுவார். வெள்ளிக்கிழமை நாகத்தை அடுப்பில் ஏற்றமாட்டார். இரும்புக் கரண்டியில் உருக்கினால் நாகம் கெட்டுப் போகும், கடல் அதைச் சரியாகத் தின்னாது என்று அந்த ஃபிட்டர் சொல்லியிருந்ததால், ஆசாரிமார் தங்கம் உருக்குகிற மண் மூசையைத்தான் வைத்திருக்கிறார். கூடுகள் உருகிப் பாலாடை படிந்த மாதிரி ஆனதும் மேலே மிதக்கும் அழுக்கை ஒதுக்கி, மூசையின் விளிம்பில் துளி விபூதியைத் தொட்டு வைத்து, திருச்சுழிச் சாமியை நினைத்து, "திருமேனிநாதா" என்று வாய்க்குள் சொல்லி அச்சில் ஊற்றுவார். ஊற்றி முடிகிற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஏதோ வழி கேட்டார். கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஊமை போலிருக்கிறது என்று எதிரே சாயப்பட்டறையில் போய் விசாரித்துக்கொண்டு போனார்.

சங்கரபாண்டியன் படகில் இவர் கட்டி நன்றாக வேலை செய்ததைப் பார்த்து மூக்கையூரில் மற்றப் படகுக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு உள்ள பொட்டலத்தைப் பட்டறை வாசலில் பஸ்ஸை நிறுத்தி கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார். சங்கரபாண்டியன் படகுக்கு உள்ளதை மட்டும் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். அங்கே அரிசி, புளி, எண்ணெய் என்று படகு ஆட்களுக்குப் போகிற சாமானோடு சேர்த்துக் கட்டி அனுப்புவார்கள். உப்புத் தண்ணீர் ஊறுகிற திருச்சுழிப் பக்கத்துக் கிணற்று எஞ்சின்களுக்கும் அவர் இப்போது நாகம் போட்டுப் பார்க்கிறார். சம்சாரிகள் தலையைச் சொறிகிறார்கள். "கெணத்துக்குள்ள கடலு ஏதுய்யா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "நாக்குல வச்சுப் பாருங்க, தெரியும்" என்றார்.

தேய்ந்த துண்டுகள் பஸ்ஸிலேயே திரும்பி வரவேண்டும் என்பது அவர் கண்டிப்பு. கண்டக்டரைக் கண்டதும் "தின்னிருக்கா?" என்பார். பஸ்ஸில் இருக்கிறவர்கள் யாருக்கோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரே சீராகக் குழி விழுந்து, பாதிக்குமேல் போயிருந்தால், "நல்லாத் தின்னிருக்கு. வேலை பாத்திருக்கு பய" என்று தட்டிக் கொடுப்பார். அன்றைக்குச் சங்கரம்மாளுக்குப் பூ வாங்கிக்கொண்டு போவார்.

இவ்வளவுக்கும் அவருக்குக் கடல் என்றால் பயம். வேலையாக மூக்கையூர் போனால் படகு மணலில் ஏறியிருந்தால்தான் ஏறுவார். மிதக்கிற படகில் கால் வைக்கமாட்டார். எஞ்சினைப் பார்த்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். சங்கரபாண்டியன் படகை நடத்துகிறவருக்குச் சூசை என்று பேர். அங்கே படகுத் தலைவரைத் தண்டல் என்பார்கள். அவர் அருஞ்சுனையைச் சீண்டாமல் விடமாட்டார்.

"அண்ணே, ஒருக்கா ஏறி வாங்க. உங்க நாகத்தை எந்தக் கடலு திங்குதுன்னு நேருல பாக்க வேண்டாமா?"

"அது போகட்டும் தண்டலே. நான் கரையில நின்னு கும்பிட்டுக்கிறேன்."

"திங்கிறதுக்கு நாகத்தை அனுப்பிட்டு, நீங்க தப்பிச்சுக்கிறீக."

"எல்லாரும் போயித் தின்னக் குடுத்தா, வார்க்க ஆளு வேண்டாமா?"

இந்தத் தை மாதம் கண்டக்டர் பையைக் கொடுக்கும்போது சிரித்த முகமாக இருந்தார். "மேஸ்திரி, சூசைத் தண்டல் கும்பிடு சொல்லச் சொன்னாரு. இந்தத் தடவை உங்க நாகம் கரையவே இல்லையாம். போட்டது போட்டபடி கட்டை மாதிரி நிக்குதாம். அப்பிடி ஒரு சரக்காம்." டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. ஒருவர், மேஸ்திரிக்கு ஒரு டீ என்றார். இன்னொருவர், கரையாத நாகம் கண்டுபிடித்துவிட்டார் என்று பட்டறை வாசலில் போர்டு எழுதி மாட்டச் சொன்னார்.

அருஞ்சுனை டீயைக் குடிக்கவில்லை. பையைப் பிரித்தார். மற்றப் படகுகளின் துண்டுகள் வழக்கம்போலத் தேய்ந்து வந்திருந்தன. சங்கரபாண்டியன் படகுக் கட்டிகள் மட்டும் கரி படிந்து, முழுசாக, வார்த்தபோது இருந்த கனத்தோடு இருந்தன. எல்லாம் ஒரே நாளில் ஒரே மூசையில் வார்த்தவை. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கரிக்குக் கீழே சிவப்பாக ஏதோ சுருண்டு வந்தது. பெட்ரோமாக்ஸ் பற்றவைக்கிற தீக்குச்சியைக் காட்டினார். இளகி ஒழுகியது. முகர்ந்தார். வத்தல் மண்டியில் மாதிரிச் சரக்குப் பையின் வாயை முத்திரை வைத்து அடைப்பார்களே, அந்த அரக்கு.

கட்டியைத் தின்ன முடியாமல் போன கடல் இத்தனை நாளும் எதைத் தின்றிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். டீக்கடைக்காரரிடம் பட்டறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அதே பஸ் திரும்பிப் போகையில் ஏறிக்கொண்டார். சட்டை மாற்றவில்லை. திருச்சுழியில் பஸ் நின்றபோது, கோபுரம் இருக்கிற திசைக்கு இருந்த இடத்திலேயே கைகூப்பினார். கமுதி தாண்டி, சாயல்குடியில் லாரி பிடித்து, மூக்கையூர் போய்ச் சேருகையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தண்டல் வலைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். படகு தண்ணீரில் மிதந்தது.

அருஞ்சுனை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பலகையைப் பிடித்து ஏறினார். தண்டல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

எஞ்சினில் தண்ணீர் சுற்றி வெளியேறுகிற இடத்தில் இரும்பு வளைவு ஒன்று இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தை அருஞ்சுனை விரலால் தடவினார். பிறகு ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, ஒரு பிள்ளையின் கன்னத்தை அழுத்துகிற அளவுக்கு அழுத்தினார். உள்ளே போய்விட்டது. இழுத்தபோது ஓலைத்துண்டு மாதிரி இரும்பு உதிர்ந்தது.

"மாதாவே" என்றார் தண்டல். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு ஆழத்துக்குப் போறதா இருந்தோம்ணே. அங்க வச்சு இது உடைஞ்சிருந்தா படகு பூராத் தண்ணிதான். ஆறு பேரு."

"போகலைல்ல. சாமி இருக்காரு."

"செவப்பா பூச்சுப் பூசி வந்துச்சு. நீங்கதான் ஏதோ புதுசாச் செஞ்சு அனுப்பியிருக்கீகன்னு நெனைச்சோம். நல்லாத்தான் இருக்குன்னு கும்பிடுகூடச் சொல்லி விட்டேன்."

"நான் பூசலை தண்டலே."

கரையில் மற்றப் படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், கழற்றிக் கொண்டுவந்த வளைவை வாங்கிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். "மேஸ்திரி, மனசுல வச்சுக்கிறாதீக. நாளைக்கு எங்க கட்டியிலயும் இப்பிடி ஏதாச்சும் பூசி வந்தா நாங்க யாருகிட்டப் போயி நிப்போம்? இது எங்க உசிரு. யாரு செஞ்சதுன்னு தெரியணும். இல்லேன்னா இனிமே தூத்துக்குடியிலயே வாங்கிக்கிறோம்."

"ரெண்டு நாளு பொறுங்க" என்றார் அருஞ்சுனை. தண்டல், காலையில் மீன் லாரியில் வந்து முதலாளியிடம் தானே சொல்வதாகச் சொன்னார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவருக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. மற்றப் பொட்டலங்கள் பட்டறையிலிருந்து நேராகப் பஸ்ஸுக்குப் போனவை. இது ஒன்றுதான் சங்கரபாண்டியன் வீட்டுக்குள் போய் வந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவர் பேர் தப்பிவிடும். ஆனால் அந்த வீட்டில் அரக்கை எடுத்து இதில் பூச யாருக்கு என்ன வேலை என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் சங்கரபாண்டியன் மண்டிக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்குப் போனார். முருகேஸ்வரி முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். சங்கரபாண்டியன் சம்சாரம். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது. இரண்டு தடவை உண்டாகியும் தங்கவில்லை. அருஞ்சுனையை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"தாயி, போன வாரம் புதுப் பொட்டலம் ஒண்ணு குடுத்துட்டுப் போனேன்ல. அது லாரியில போயிருச்சா?"

"இன்னும் இல்லைண்ணே. இருக்கு, எடுத்துட்டு வாரேன்."

சாமி அறைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டிகள் எல்லாம் அரக்கில் முக்கிய சிவப்போடு, ஒரு தாம்பாளத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. அவள் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்றும் நினைக்கவில்லை.

"நீயா தாயி முக்குன?"

"ஆமாண்ணே. இவுக மண்டிக்குக் கொண்டுபோற அரக்குல கொஞ்சம் எடுத்து உருக்கி முக்குனேன். கரையாம இருக்காமே இப்ப. கண்டக்டரு சொன்னதை நம்ம மண்டி ஆளு வந்து சொன்னான். எனக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு."

அருஞ்சுனை தூணோரம் உட்கார்ந்துவிட்டார். அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள். புரட்டாசியில் ஒரு சோசியரிடம் போயிருக்கிறாள். உங்கள் வீட்டுப் பேரில் ஒரு நாகம் அழிந்துகொண்டே இருக்கிறது, அது அழிகிற மட்டும் வயிற்றில் பிள்ளை தங்காது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"நம்ம வீட்டுல ஏது நாகம், ஒரு புத்துகூட இல்லையேன்னு நாளெல்லாம் யோசிச்சேன். அப்புறம்தான் தட்டுப்பட்டுச்சு. நீங்கதான வாசல்ல நின்னு இவுககிட்டச் சொல்வீக. நாகம் கரைஞ்சு போச்சு மொதலாளி, வேற நாகம் போடணும். பழைய நாகத்தைக் கடலு தின்னுருச்சு. வருசம் பூரா இதைத்தான சொல்றீக."

"தாயி, அது அந்த நாகம் இல்லை. இது ஒரு உலோகம். தண்டலெல்லாம் ஜிங்குன்னு சொல்வாக."

"அப்ப நீங்க ஏன் நாகம்னு சொல்றீக?"

"பட்டறையில அதுக்கு அப்பிடித்தான் பேரு தாயி."

"வெள்ளிக்கிழமை அடுப்புல ஏத்த மாட்டீகளாமே. துண்ணூறு வச்சுக் கும்பிட்டுத்தான் ஊத்துவீகன்னு சங்கரம்மா மதினி சொன்னாக. வெறும் தகரத்தையா நீங்க கும்பிடுவீக?"

வெள்ளிக்கிழமை அதை நெருப்பில் வைக்கக் கூடாது என்று அருஞ்சுனைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கே கை வரவில்லை, அவ்வளவுதான். அவள் பயம் அவருக்கும் தெரிந்த பயமாக இருந்தது. வளைவில் ஸ்க்ரூ டிரைவர் இறங்கியதை மட்டும் மெதுவாகச் சொன்னார். படகில் போக இருந்தவர்கள் ஆறு பேர் என்று சொன்னார்.

முறம் அவள் கையிலிருந்து சரிந்தது. பருப்பு தரையெல்லாம் ஓடியது.

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலையேண்ணே?"

"ஆகலை தாயி. கெளம்புறதுக்குள்ள போயிட்டேன்."

"அந்தத் தண்டலுக்குப் பிள்ளைக இருக்கா?"

"நாலு. கடைசி கைப்பிள்ளை."

அவள் உட்கார்ந்து பருப்பைக் கூட்டி அள்ள ஆரம்பித்தாள். அள்ளி முறத்தில் போட்டதை மறுபடி தரையில் போட்டாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"இவுகளுக்குத் தெரிஞ்சா இந்த வீட்டுல என் காலம் முடிஞ்சதுண்ணே. பாலவனத்தத்துல பொண்ணு பாத்து வச்சிருக்காக எங்க அத்தை. இவுகதான் இன்னும் கொஞ்சம் பொறுப்போம்னு தள்ளிக்கிட்டு இருக்காக. இதைக் கேட்டா இவுகளும் பொறுக்க மாட்டாக. சும்மா கெடந்த எஞ்சினுக்கு வெனை வச்சவள்னு ஆகிப்போகும்."

அருஞ்சுனை தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு கட்டியை எடுத்து அரக்கை நகத்தால் உரிக்கத் தொடங்கினார். கத்தி கேட்கவில்லை. கத்தி பட்டால் அவளுக்கு மனசு கூசும் என்று நினைத்திருக்கலாம்.

"தாயி, நல்ல பாம்பை யாராச்சும் அடிச்சுப்போட்டா என்ன செய்வாக?"

"பாலை ஊத்தி, காசு வச்சு, எரிப்பாக. இல்லை, பொதைப்பாக."

"கரைஞ்சு வர்ற துண்டை இனிமே நான் வீட்டுக்குக் கொண்டாந்து உங்கிட்டத் தாரேன். நல்லதுக்கு என்ன செய்வாகளோ அதைச் செய்யி. பாதி தேஞ்சு வந்தாலும் அது தேஞ்சது ஆறு பேருக்காக. அதுக்குப் பாலு ஊத்துன கையி வெறுங்கையாப் போகாது. எனக்குத் தெரிஞ்சது இதுதான். சோசியம் எனக்குத் தெரியாது."

முருகேஸ்வரி அவர் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு கட்டியை எடுத்து, குங்குமத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, அவள் நகத்தை அரக்கில் வைத்தாள்.

"நீ தொடாத" என்றார் அருஞ்சுனை. அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கடைசிக் கட்டியை உரிக்கும்போது வாசலில் லாரி நின்றது. சங்கரபாண்டியன் முன்னாலும் தண்டல் பின்னாலும் வந்தார்கள். தண்டல் கையில் சாக்கில் சுற்றிய இரும்பு வளைவு இருந்தது. முருகேஸ்வரி எழுந்து உள்ளே போனாள்.

"மேஸ்திரி, நீங்க இங்கதான் இருக்கீகளா?" என்றார் சங்கரபாண்டியன். நாற்காலியில் உட்காரவில்லை. "வளைவு போகுது. வேற வாங்கிக்கலாம். ஆறு உசிரு போயிருந்தா நான் எந்தக் கோயில்ல போயி நிப்பேன்? எவன் செஞ்சான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். மூட்டை தூக்குற பயலா, லாரிக்காரனா, இல்லை என் மண்டியிலயே ஒருத்தனா? எவனா இருந்தாலும் இந்த வாசப்படியில இனிமே அவன் காலு படாது."

தண்டல் அருஞ்சுனையின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் குரல் தணிந்திருந்தது. "அண்ணே, கரையில எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காக. உங்க கை படலைன்னு முதலாளி முன்னால ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் போயி அவுககிட்டச் சொல்லிக்கிறேன். பழையபடி உங்ககிட்டத்தான் வாங்குவாக."

முருகேஸ்வரி தண்ணீர்ச் சொம்போடு உள்வாசல் நிலையருகே வந்தவள், அங்கேயே நின்றுவிட்டாள்.

"சொல்லுங்க மேஸ்திரி" என்றார் சங்கரபாண்டியன். "யாரு கை வேலை இது?"

அருஞ்சுனை எழுந்தார். மடியில் கிடந்த அரக்குச் செதில்கள் தரையில் உதிர்ந்தன. உள்வாசல் பக்கம் அவர் பார்க்கவில்லை. வலது கையைத் திருப்பி, விரல்களை அகல விரித்து, வெளிச்சத்தில் சங்கரபாண்டியன் முன்னால் நீட்டினார். ஐந்து நகக்கண்ணிலும் அரக்கு சிவப்பாக ஏறியிருந்தது.